நாற்பத்தோரு வருடத் தேநீர் இடைவேளை

இதில் வருவது ஒவ்வொரு சொல்லும் உண்மை. நகராட்சி இளைஞர் அவையின் கூட்டக் குறிப்பேட்டின் மேல் கைவைத்துச் சத்தியம். சிவப்புத் துணி அட்டை, முந்நூறு பக்கம், ஓரத்தில் கரையான் ருசி பார்த்த அந்தக் குறிப்பேட்டின் மேல் பொய்ச் சத்தியம் செய்த யாரும் உருப்பட்டதில்லை. ஒருத்தர் நகர்மன்ற உறுப்பினராகவே ஆகிப்போனார். ஆகவே, சந்தேகத்தைக் குடையோடு சேர்த்து மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வரலாம்.

தையல்காரர் ஒருவருக்கு இருபது வயதில் ஒரு மகள். வீடு என்றால் ஒரே அறை. அதில் தையல்காரர், மனைவி, மகள், இரண்டு மகன்கள், ஒரு தையல் மெஷின் என்று ஆறு பேர். மெஷினையும் ஆளாகச் சேர்த்ததற்குக் காரணம், அந்த வீட்டில் மற்ற ஐந்து பேரையும் விட அதிகம் பேசுவது அதுதான். காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரிச் சீருடை, காவலாளிச் சீருடை என்று இரவு சாப்பாடு வரை மூடாது. அந்த வீட்டுப் பூனை, கத்திப் பிரயோஜனமில்லை என்று கண்டுகொண்டு, பசித்தால் முன்னங்காலால் வயிற்றைத் தொட்டுக் காட்டும்.

மகள் நில அளவையர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை வரும் தேர்வு. இன்னும் எட்டு மாதம் இருந்தது. வீட்டில் முக்கோணம் போட உட்கார்ந்தால் மெஷின் அதிர்வில் கோடு வளைந்து வட்டமாகிவிடும். அதனால் அவள் படித்ததெல்லாம் நகராட்சிப் படிப்பறையில்.

நகராட்சிக் கட்டடத்தின் முதல் மாடியில், தண்ணீர் வரிப் பிரிவுக்கு நேர் மேலே இருந்தது அது. எட்டு நீள மேசை, நாற்பது நாற்காலி, மூன்று ஜன்னல். காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள். ஆறே முக்காலுக்கே படியில் வரிசை நிற்கும். எல்லாம் ஒரே அறை வீட்டுப் பிள்ளைகள். உள்ளே அப்படி ஒரு அமைதி. பேனா கீழே விழுந்தால் நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்; போட்டவன் பேனாவிடம் மன்னிப்புக் கேட்பான். தையல்காரர் மகளுக்கு இரண்டாவது ஜன்னலோரம் இடம். எதிரே, தடித்த கண்ணாடி போட்ட ஒருவன். அவளை விட ஒரு வயது பெரியவன், வரைவாளர் வேலைக்குப் படிப்பவன். எல்லாரும் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். அவனும் அதற்குத்தான் திரும்பினான்.

ஒரு திங்கட்கிழமை கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இளைஞர்களின் நலன் கருதியும், பொது முடிவுகளில் அவர்களுடைய பங்கேற்பை வலுப்படுத்தும் பொருட்டும், இந்தப் படிப்பறை அகற்றப்பட்டு இங்கே இளைஞர் பங்கேற்பு மாளிகை அமையும் என்று அதில் இருந்தது.

கண்ணாடி இரண்டு தடவை படித்தான். "நம்ம நல்லதுக்குத்தான் நம்மளைத் துரத்துறாங்களாம்" என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். தையல்காரர் மகள் மட்டும் கடைசி வரியில் நின்றாள். பொடி எழுத்தில் போட்டிருந்தது: இளைஞர் அவையின் ஒப்புதலுக்கு உட்பட்டது. அப்படி ஒரு அவை இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும். அது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதும் தெரிந்தது. நேரே கீழே இறங்கி அவை எழுத்தரின் அறைக்குப் போனாள்.

அவை எழுத்தர் ஐம்பதை ஒட்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கும் ரகம். அவள் கேட்டதும் தேடுவதை நிறுத்தினார்.

"இளைஞர் அவையா? மேல ரெண்டாவது மாடி. நாற்பத்தாறு படி. ஆனா இப்ப டீ பிரேக்."

"எப்ப சார் முடியும்?"

"நாங்களும் நாற்பத்தோரு வருஷமாப் பார்த்துக்கிட்டு இருக்கோம்மா."

சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. அதனால்தான் அவள் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

நாற்பத்தோரு வருடம் முன்னால், அப்போதைய நகர்மன்றத் தலைவருக்கு, முடிவெடுக்கும் இடத்தில் இளைஞர்களும் உட்கார வேண்டும் என்று தோன்றியது. பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு அவை அமைத்தார். இளைஞர்களைப் பற்றிய எந்த முடிவுக்கும் அதன் ஒப்புதல் கட்டாயம் என்று விதி எழுதினார். கூட்டம் தொடங்கும் தேதியில் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர், அந்தக் கூட்டம் முடியும் வரை உறுப்பினர் என்றும் எழுதினார். ஒரு கூட்டம் அப்படி எவ்வளவு நேரம்தான் நடந்துவிடும்?

முதல் கூட்டத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் ஒன்றைக் கேட்டார்கள்: ஒரு படிப்பறை வேண்டும். நகர்மன்றத் தலைவர், நல்ல யோசனை, நிச்சயம் பதில் சொல்கிறோம், முதலில் தேநீர் சாப்பிடுங்கள் என்றார். இருபத்து நான்கு வயது அவைத் தலைவனுக்கு ரத்தம் கொதித்தது. மேசையைத் தட்டி, பதில் வரும்வரை இந்தக் கூட்டம் முடியாது என்றான். அவையிலேயே சிறியவளான பதினெட்டு வயதுப் பெண் அதை அப்படியே தீர்மானமாக எழுதினாள். குட்டி என்று அவளுக்குப் பெயர். நான்கு பத்துக்கு இடைவேளை விட்டார்கள். இடைவேளையில் நேரம் ஓடினால் கூட்டம் காலாவதியாகிவிடும் என்பதால், சுவர்க் கடிகாரத்தை நிறுத்த முறைப்படி உத்தரவு போட்டார்கள். தேதித் தாளையும் கிழிக்கவில்லை.

பதில் வரவில்லை. அவர்களும் விடவில்லை.

பதினான்கு வருடம் கழித்துப் படிப்பறை என்னவோ வந்தது. யாரோ ஒரு அதிகாரி நாற்பது நாற்காலி அதிகமாக வாங்கிவிட்டு, வைக்க இடமில்லாமல் திறந்தது. ஆனால் பதில் என்று எழுத்தில் எதுவும் வராததால் கூட்டம் தொடர்ந்தது. சட்டப்படி இரண்டாவது மாடியில் இன்னும் அதே சாயங்காலம். சட்டப்படி அவர்கள் இன்னும் இளைஞர்கள். மாணவர் பாஸில் பஸ் ஏறுவார்கள். அவைத் தலைவர் பதினொரு நாட்டு இளைஞர் மாநாடுகளுக்குக் கைத்தடியோடு போய், நாளைய உலகம் எங்கள் கையில் என்று பேசிவிட்டு வந்திருக்கிறார். அவருடைய மகன் ஒரு தடவை அவையில் சேர விண்ணப்பித்தான். வயது கடந்துவிட்டது என்று அப்பாவே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'சற்று வெளியே சென்றுள்ளார்' என்று இருக்கிறது.

"புதன்கிழமை வருவாங்க. வேணும்னா வந்து பேசிப் பாரு" என்றார் எழுத்தர். "ஆனா ஐயா, அம்மான்னு எல்லாம் கூப்பிடாதே. அண்ணன், அக்கா. ரூல்ல இருக்கு."

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது மெஷின் நின்றது. நூல் தீர்ந்தால்கூட ஓடிக்கொண்டே நூல் கோத்துக்கொள்ளும் மெஷின் அது. பூனை பயந்து எழுந்தது.

"காலையில ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கிறேன் கண்ணு" என்றார் தையல்காரர். "நீ படி."

அவள் அம்மா சொல்ல வேண்டியதை மேசையில் குவிந்திருந்த முந்நூறு சட்டைக் காலர்கள் சொல்லிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டியவை. வேண்டாம்ப்பா, படிப்பறை எங்கேயும் போகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். மறுபடி மெஷின் ஓடியது. வாக்குக் கொடுத்துவிட்டால் திரும்பப் பேச முடியாதபடி அதுவே சத்தம் போட்டுப் பார்த்துக்கொண்டது.

புதன்கிழமை நாற்பத்தாறு படி ஏறிப் போனாள். அவை அறையில் மரவட்டை மாதிரி நீண்ட ஒரு மேசை. சுவரில் நான்கு பத்தில் நின்ற கடிகாரம். அதன் கீழே, வெயிலில் வெளுத்துப் போன தேதித் தாள். மேசையைச் சுற்றி ஆறு பேர், ஆளுக்கொரு தேநீர்க் கோப்பை. அவைத் தலைவர் முழங்காலில் சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி, விரல்கள் முடிச்சு முடிச்சாகிப் போன ஒரு பெண்மணி. அறுபதுக்கு ஒன்று குறைவு. அவர்தான் குட்டி.

தையல்காரர் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். மெஷினைச் சொன்னாள், ஆறே முக்கால் வரிசையைச் சொன்னாள், எட்டு மாதத்தைச் சொன்னாள். அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். கேட்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"நாங்களும் இளைஞர்கள்தானே தங்கச்சி" என்றார் அவைத் தலைவர். "இளைஞர்களோட கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா?"

"இந்தப் படிப்பறையைக் கேட்டதே நீங்கதானேண்ணே."

"கேட்டோம். இல்லைன்னு சொல்லலையே. ஆனா பதில் வரலை பாரு. பதிலே வராத ஒரு இடத்தை நாங்க எந்த முகத்தோட காப்பாத்துறது?"

இதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பது போல மற்றவர்கள் முனகினார்கள். விஷயம் அதுவல்ல என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. மேசையில் விரித்திருந்த மாளிகை வரைபடத்தில் ஒரு சதுரத்தை அவர்கள் மாறி மாறி விரலால் தடவிக்கொண்டிருந்தார்கள். நில அளவை படிப்பவள் என்பதால் அவளுக்குத் தலைகீழாகவே படிக்க வந்தது. லிஃப்ட்.

நாற்பத்தாறு படி. பன்னிரண்டு முழங்கால். அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

குட்டி மட்டும் வரைபடத்தைத் தொடவில்லை. அவள் கிளம்பும்போது, "உன் கையெழுத்து எப்படி?" என்று கேட்டார்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவைத் தீர்மானத்தை உறுப்பினர் கைப்பட எழுத வேண்டும் என்று விதி. நாற்பத்தோரு வருடமாக எழுதிய குட்டியின் விரல்கள் இப்போது பேனாவைப் பிடிக்க மறுத்தன. மற்றவர்கள் எழுதினால் நேர்கோடு நிலநடுக்க வரைபடமாக வந்தது. உறுப்பினர் ஒருவரின் கை ஓய்ந்துவிட்டால் அவர் இன்னொரு கையை நியமிக்கலாம், அந்தக் கைக்கு உறுப்பினரின் எல்லா உரிமையும் உண்டு என்று பதினேழாம் விதி சொன்னது. குட்டி தன் கையாகத் தையல்காரர் மகளை நியமித்தார்.

படிப்பறையில் இது காதோடு காதாகப் பரவியது. நம் கழுத்துக்குக் கயிறு திரிக்கப் போகிறாயா என்று ஒருத்தி கேட்டாள். கண்ணாடி தன் புத்தகத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். அது இன்னும் மோசமாக இருந்தது. அவள் விளக்கம் சொல்லவில்லை. சொல்ல அவளிடமும் திட்டம் எதுவும் இல்லை. உள்ளே ஒரு நாற்காலி கிடைத்தது, உட்கார்ந்து பார்ப்போம் என்பதுதான் அவளிடம் இருந்த மொத்தமும்.

ஒப்புதல் தர வேண்டுமானால் இடைவேளையை முடித்துக் கூட்டத்தைத் தொடர வேண்டும். தொடர எட்டு உறுப்பினர்கள் வேண்டும். அடுத்த புதன்கிழமை அதற்கு நாள் குறித்தார்கள். வழக்கமாக வரும் ஆறு பேரைத் தவிர, படியேறி இரண்டு வருடமான இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். இன்னொருவர் கனத்த உடம்பு. அவரைத் தண்ணீர் வரிப் பிரிவில் கோப்புக் கட்டுகளை மேலேற்றும் கப்பியில் கட்டி ஏற்றினார்கள். பாதி வழியில் கப்பி சிக்கிக்கொண்டது. கால் மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே தொங்கியபடி அவர் கீழே நின்ற கூட்டத்துக்கு இளைஞர்களின் கடமை பற்றிப் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது.

எட்டுப் பேரும் அமர்ந்ததும் அட்டெண்டர் முக்காலி போட்டு ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அது இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. தையல்காரர் மகள் தீர்மானத்தை எழுதத் தொடங்கினாள்.

அளப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு தூரம் என்பதற்கு முன்னால், எங்கிருந்து அளக்கிறோம் என்று பார்ப்பார்கள். அவள் பேனாவை எடுத்ததும் முதலில் பார்த்தது தேதி போட வேண்டிய இடத்தை.

"சார், என்ன தேதி போடறது?"

எழுத்தர் சுவரிலிருந்த வெளுத்த தாளைப் பார்த்தார். அதே தேதியைச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். மாளிகைத் திட்டம் போடுவதற்கு நாற்பத்தோரு வருடம் முன்பே அதற்கு ஒப்புதல் எப்படி வந்தது என்று இன்ஜினியர் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த இன்ஜினியர் ஒரு பிடுங்கல் பேர்வழி. எழுத்தருக்கு நான்கு மணிக்கு மேல் தலை வலிக்கும்.

"அப்ப இன்னைக்குத் தேதி போடட்டுமா சார்?"

"போடு போடு. எதையாவது போட்டு முடி."

போட்டாள். நாள், மாதம், வருடம், தெளிவான எழுத்தில். தாள் மேசையைச் சுற்றி வந்தது. முதலில் வந்தது குட்டியிடம். அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். தேதியில் நின்றார். அவளை ஒரு முறை பார்த்தார். முடிச்சு விரல்களால் பேனாவை இடுக்கி, எல்லாருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் தள்ளினார். மற்ற ஏழு பேரும் லிஃப்டைப் பார்த்தபடியே போட்டார்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டுவது விதி. அவள் எழுந்து நின்று தேதியிலிருந்து வாசித்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, மூன்றாம் விதியையும் வாசித்தாள். இடைவேளை என்பதில் நேரம் ஓடாது. கூட்டம் தொடர்ந்தால், தொடர்ந்த தேதியில் உறுப்பினர் இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது.

கடிகார முள் ஒரு நிமிடம் நகர்ந்தது.

அந்த நிமிடத்தில் அந்த அறையில் எட்டுப் பேருக்கு ஒன்றாக அறுபது வயதானது. பக்கத்துப் பிரிவில் இருந்தவர்கள் சொல்கிறார்கள், காய்ந்த பலகை வெடிப்பது மாதிரி எட்டுச் சத்தம் வரிசையாகக் கேட்டதாம். கன்னங்கள் தொங்கின. கண்ணில் புரை விழுந்தது. கப்பியில் வந்தவர் தன் சட்டைப் பையிலிருந்து மாணவர் பஸ் பாஸை எடுத்து, அதிலிருந்த போட்டோவை, யாரோ தெரிந்த பையன் மாதிரி இருக்கிறதே என்பது போலப் பார்த்தார்.

"அப்ப நாங்க கிழவங்களா?" என்றார் அவைத் தலைவர். யாரைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியவில்லை. "யாரும் சொல்லவே இல்லையே."

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அவர்கள் படியிறங்கினார்கள். செல்லாத தீர்மானத்தை எழுத்தர் நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். கடைசியாகப் போன குட்டி கதவருகே நின்றார்.

"டீ கொண்டுவருவாங்க" என்றார். "குடிச்சிடாதே."

"சரி அக்கா" என்றாள் அவள். பழக்கதோஷம். குட்டி இறங்கிப் போனார்.

ஒருவர் மட்டும் மிச்சமிருந்தாலும் அவை அவைதான். இருபது வயது, குட்டியின் கையாக முறைப்படி நியமனம். இப்போது இளைஞர் அவை என்றால் தையல்காரர் மகள்தான். கீழே செய்தி போய்ச் சேர்ந்ததும் நகர்மன்றத் தலைவர் தாமே மேலே வந்தார். இவர் புதியவர். தூய வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு, நாற்பத்தாறு படி ஏறியும் மூச்சு வாங்காதவர். கை குலுக்கினார். இளைஞர் பங்கேற்பு என்று நாங்கள் சொன்னது இதைத்தான், இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தோம் என்றார். எதற்காக அவர் காத்திருந்தார் என்று எழுத்தருக்கே தெரியாது. பிறகு ஒப்புதல் தாளை எடுத்து நீட்டினார்.

"ஒப்புதல் இல்லை சார். படிப்பறை படிப்பறையாவே இருக்கணும்."

நகர்மன்றத் தலைவர் முகம் சுளிக்கவில்லை. தாளை மடித்துக்கொண்டார்.

"நல்ல யோசனை. நிச்சயம் பதில் சொல்றோம். முதல்ல டீ சாப்பிடுங்க."

அவளுக்குக் காது சூடாயிற்று. மெஷின் ஞாபகம் வந்தது, முந்நூறு காலர் ஞாபகம் வந்தது. யோசிப்பதற்கு முன்னால் கை மேசையைத் தட்டிவிட்டது.

"பதில் வர்ற வரைக்கும் இந்தக் கூட்டம் முடியாது."

கீழே இறங்கிக்கொண்டிருந்த குட்டி பன்னிரண்டாவது படியில் நின்றதாகவும், திரும்பி ஏற ஒரு காலை எடுத்ததாகவும், முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்றும் சொல்கிறார்கள்.

மேலே, அட்டெண்டர் முக்காலியை மறுபடி கடிகாரத்துக்குக் கீழே போட்டார். ஐந்து மணி ஆக ஆறு நிமிடம் இருந்தது. எழுத்தர் அன்றைய தேதித் தாளை மாட்டினார். தேநீர் வந்தது. அவள் தொடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. எழுத்தர் விதிப் புத்தகத்தை எடுத்து வந்து பொறுமையாகச் சொன்னார். ஒரு திட்டத்தை மறுக்க எட்டு உறுப்பினர் வேண்டும். தொடர்ந்துவிட்ட கூட்டத்தில் ஒப்புக்கொள்ள ஒருவர் போதும். கூட்டம் நடக்கும்போது புது உறுப்பினரைச் சேர்க்க முடியாது. மறுப்பு என்று ஒன்று எழுந்த பிறகு, முடிவெடுக்காமல் கூட்டம் முடிந்தாலோ, அலுவலக நேரத்தில் அறையில் ஒரு உறுப்பினர்கூட இல்லாமல் போனாலோ, ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும்.

"அப்ப நான் இங்கேயே இருக்கணும்."

"இருக்கலாம்மா. பங்கேற்கிறதை யாரும் தடுக்க முடியாது."

விஷயம் அவையின் பரிசீலனையில் இருப்பதால், இரு தரப்புக்கும் பாதகம் வராதபடி, முடிவு தெரியும் வரை படிப்பறையைப் பூட்டி வைத்தார்கள். இடிக்கவில்லை. ஒரு நாற்காலிகூட நகரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் இரண்டாவது ஜன்னலோரம் அவள் விட்டுவிட்டுப் போன அளவுகோல்கூட அப்படியே தெரியும். படிப்பறையைக் காப்பாற்றிவிட்டாள் என்பதில் சந்தேகமே இல்லை.

முதல் வாரம் படிப்பறைப் பிள்ளைகள் கூட்டமாக மேலே வந்து கைதட்டினார்கள். அடுத்த வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தார்கள். மூன்றாவது வாரம் தண்ணீர் வரிப் பிரிவுக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வேறு எங்கேயோ போனார்கள். பஸ் நிலையத்துக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு, மெஷின் இருக்கும் வீடுகளுக்கு. ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி மட்டும் வந்தான்.

"எப்பத் திறக்கும்?"

"பதில் வரட்டும்."

"நாங்க ஒரு ஏழு பேர் அவையில சேர்ந்துக்கலாமா? எட்டு ஆயிடும்ல."

அவள் விதிப் புத்தகத்தைத் திறந்தாள். எந்தப் பக்கம் என்று இப்போது தேட வேண்டியிருக்கவில்லை. "கூட்டம் நடக்கும்போது சேர்க்க முடியாது. முடியட்டும்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். தேதித் தாளைப் பார்த்தான். மேசையின் காலுக்கு அடியிலிருந்த மடித்த காகிதத்தையும் பார்த்தான்.

"சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

தையல்காரர் மதியச் சாப்பாடு கொண்டுவருவார். சீருடை வாங்கும் ஆள் அவசரப்படுத்துவதால் உட்கார மாட்டார். ஒரு தடவை மட்டும் கதவருகே நின்று காதைத் தீட்டிக் கேட்டார். எவ்வளவு அமைதியா இருக்கு கண்ணு, இங்க நல்லாப் படிக்கலாமே என்றார். உண்மைதான். அந்த ஊரிலேயே அவ்வளவு அமைதியான இடம் வேறு இல்லை. அவள் அங்கே உட்கார்ந்து பாடத்தை முழுவதும் மூன்று தடவை படித்து முடித்தாள்.

தேர்வு ஒரு வியாழக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு, அலுவலக நேரத்தில். முந்தின நாள் எழுத்தர், அவர் கெட்டவர் இல்லை, நீ போய் எழுதிட்டு வாம்மா, ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க என்றார். அவள் யோசித்தாள். போனால் கூட்டம் முடியும், சாயங்காலமே நாற்காலிகளை வெளியே எடுத்துப் போடுவார்கள். வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு எழுந்து கதவு வரை போனாள். கீழே பூட்டிய படிப்பறைக் கதவுக்கு முன்னால் யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வெளியே தேர்வு முடிந்து, தாள் திருத்தி, வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். உள்ளே, சுவரிலிருக்கும் தேதிப்படி, தேர்வுக்கு இன்னும் ஏழரை மாதம் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமைதான் அவள் அந்தத் தேநீரை முதல் முறையாகக் குடித்தாள். ஆறியிருந்தது. சர்க்கரை சரியாக இருந்தது.

நான் சத்தியம் செய்த குறிப்பேட்டை யாரும் தேடிப் போக வேண்டாம்; அந்த ஊர் நகராட்சியில் இளைஞர் அவை என்று ஒன்று இன்றுவரை அமைக்கப்பட்டதே இல்லை.